டயானாவுக்கு என்ன கதை இருக்கு?

இந்தப் பொங்கலுக்கு என் தம்பிகள் இருவரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தவர்களின் பேச்சு, நிலம், வட்டி, கல்யாணம் என்று சுற்றி கடைசியில் காமிக்ஸில் வந்து நின்றது. ஐம்பதைத் தாண்டியவர்கள்தான். ஆனாலும் காமிக்ஸ் என்றால் டவுசர் போட்ட பையன்களாகி விடுவார்கள்!

"ஒரே ஒரு கதை எழுத சான்ஸ் கொடுத்தா யாரை வச்சு எழுதுவீங்க?" என்று என் மகன் ஆரம்பித்து வைத்தான். பெரிய தம்பி இரும்புக்கை மாயாவி என்றான். சின்னவன் ஸ்பைடர். மகன் டெக்ஸ் வில்லர். என்னவர் தாடையைத் தடவித் தடவி யோசித்து, மந்திரவாதி மாண்ட்ரேக் என்றார்.

என்னை யாரும் கேட்கவில்லை. நான் அடுப்படியில் சாயங்காலத்துக்கு வடை தட்டிக் கொண்டிருந்தேன். அங்கிருந்தே, "நான் டயானாவை வச்சு எழுதுவேன்" என்றேன்.

"எந்த டயானா?"

"முகமூடி மாயாவியோட பொண்டாட்டி."

எல்லோரும் சிரித்து விட்டார்கள். "அவளுக்கு என்னக்கா கதை இருக்கு? மாயாவி எப்ப வருவாருன்னு வாசலைப் பார்த்துக்கிட்டு இருப்பா" என்றான் சின்னவன். வடை கருகியது. அன்றைக்குச் சொல்லாத பதிலைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன், தோழிகளே.

முதலில் ஒரு விளக்கம். நம் ஊர் காமிக்ஸில் மாயாவிகள் இரண்டு பேர். 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் ஆரம்பித்தபோது முதல் இதழிலேயே வந்தவர் இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் 1962-ல் தொடங்கிய கதை அது. மின்சாரம் பாய்ந்தால் அவர் உடம்பு மறைந்து விடும், இரும்புக் கை மட்டும் தெரியும். முகமூடி மாயாவி வேறு. அவர் அமெரிக்காவில் லீ ஃபால்க் 1936-ல் உண்டாக்கிய ஃபேண்டம். ராணி காமிக்ஸ் அவரை மாயாவி என்றே நமக்குக் கொடுத்தது. மண்டையோட்டுக் குகை, வெள்ளைக் குதிரை, டெவில் என்ற ஓநாய்... கல்யாணமான புதிதில் கடைக்குப் போகும் மச்சினர் பையனிடம் சில்லறை கொடுத்து வாங்கி வரச் சொல்லி, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் படித்திருக்கிறேன்.

அந்தக் கதையின் முதல் வருஷத்திலிருந்தே டயானா பால்மர் இருக்கிறாள். மாயாவியைக் கைப்பிடித்தது எப்போது தெரியுமா? 1977-ல். நாற்பத்தோரு வருஷக் காத்திருப்பு! மாண்ட்ரேக்கின் நர்தா கதை இன்னும் மோசம். 1934-ல் தொடங்கிய தொடரில் கல்யாணம் 1997-ல்தான். அறுபத்து மூன்று வருஷம். நம் வீட்டில் ஒரு பெண்ணுக்கு முப்பது வயதானால் தெருவே துக்கம் விசாரிக்கிறது.

அது போகட்டும். டயானா என்ன வாசலைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருப்பவளா? ஐக்கிய நாடுகள் சபையில் வேலை பார்த்தவள். நீரில் பாய்வதில் ஒலிம்பிக் வரை போனவள். அவளைக் கட்டிக் கொண்டு போய் குகையில் குடிவைத்தார் மாயாவி. 1979-ல் இரட்டைக் குழந்தைகள், கிட், ஹெலோய்ஸ். இருபத்தோரு தலைமுறையாக அப்பாவுக்குப் பின் மகன் முகமூடி மாட்டுவது வழக்கம். அப்படியானால் கிட்டுக்கு வேலை இப்போதே ரெடி. ஹெலோய்ஸுக்கு? பழைய தலைமுறை மாயாவி ஒருவர் காயப்பட்டுக் கிடந்தபோது அவர் சகோதரி ஜூலி அந்த உடையை மாட்டிக் கொண்டு காட்டைக் காத்ததாக லீ ஃபால்க்கே ஒரு கதை எழுதியிருக்கிறார். வம்சக் கணக்கில் அவள் வரமாட்டாள். எனக்கு இதைப் படித்தபோது, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு மாதம் எங்கள் பலசரக்குக் கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்த என் அத்தை ஞாபகம் வந்தது. அப்பா எழுந்து வந்தார், அத்தை அடுப்படிக்குத் திரும்பினாள். கடை இன்றும் தம்பிகள் பெயரில்தான்.

அதனால்தான் டயானா வேண்டும் என்கிறேன். மாயாவியைக் காப்பாற்ற ஆயிரம் பேர் எழுதுவார்கள். அவர் மாதக் கணக்கில் வெளியே போயிருக்கும்போது இரண்டு குழந்தைக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்தால் அவள் என்ன செய்தாள்? ஆரம்பத்தில் இந்தச் சம்பந்தத்தையே விரும்பாத அவள் அம்மா லில்லி, பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தால் என்ன பேசினாள்? இதெல்லாம் கதை இல்லையா? உடனே டிவி சீரியல் மாதிரி மூக்கைச் சிந்த விடப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். அழுகிற டயானா எனக்கும் வேண்டாம்.

"அப்படின்னா மாடஸ்டியை எழுத வேண்டியதுதானே?" என்றார் என்னவர். நியாயமான கேள்விதான். 1984-ல் லயன் காமிக்ஸின் முதல் இதழே மாடஸ்டி பிளைசிதான். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. ஒரு பெண் சண்டை போடுகிறாள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமில்லை. கார்வின் என்று ஒருவன் அவளை 'இளவரசி' என்று கூப்பிட்டுக் கொண்டு உயிரைக் கொடுக்கிறான், ஆனால் இருவரும் நண்பர்கள் மட்டும்தான். பக்கத்து வீட்டுப் பையனிடம் மணி கேட்டாலே வம்பாகிற ஊரில் இருந்து கொண்டு அதைப் படித்தவளுக்குத்தான் அது எத்தனை பெரிய விஷயம் என்று தெரியும். 1963 முதல் 2001 வரை பத்திரிகைத் தொடரை பீட்டர் ஓ'டானல் தானே எழுதினார். அவள் அவர் கையில் நிறைவாக இருந்தாள். நிறைந்த குடத்தில் நான் போய் எதை ஊற்றுவது?

ஒரு வேடிக்கை, அதே ஓ'டானல் பெண்களுக்கான நாவல்களை மேடலின் பிரெண்ட் என்ற பெண் பெயரில் எழுதினார். நம் ரங்கராஜன் மனைவி பெயரில் 'சுஜாதா' ஆன மாதிரி. ஆனால் 1940-ல் நிருபர் பிரெண்டா ஸ்டார் தொடரைத் தொடங்கிய அமெரிக்கப் பெண்மணி, டாலியா என்ற பெயரை டேல் மெசிக் என்று ஆண் பெயர் போல மாற்றிக் கொள்ள வேண்டியிருந்தது. ஓ'டானல் பெண் பெயர் வைத்தது விற்பனைக்கு. இவர் மாற்றிக் கொண்டது, படத்தைப் பிரித்தாவது பார்ப்பார்களே என்று.

நானும் ஒரு காலத்தில் எழுதியவள்தான். ஆறாம் வகுப்பில், கணக்கு நோட்டின் பின்பக்கங்களில். இரும்புக்கை மாயாவி எங்கள் ஊருக்கு வருகிறார், கரண்ட் கட்! மறைய முடியாமல் தவிக்கிறார். ஒரு சிறுமி அவரை நெல் குதிருக்குள் ஒளித்து வைக்கிறாள். அடுத்த அத்தியாயம் எழுதுவதற்குள் அம்மா அந்த நோட்டை வெந்நீர் அடுப்புக்குக் கிழித்து விட்டாள். அவளைக் குறை சொல்லவில்லை, மழைக்காலம், விறகெல்லாம் ஈரம். தம்பிகளின் காமிக்ஸ் மட்டும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. இப்போது அவற்றை என்ன விலைக்குக் கேட்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள்.

பொங்கல் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, பேத்தியின் நோட்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது, காமிக்ஸ் எழுதுவது லேசில்லை! மூன்று பக்கத்துக்கு டயானா பேசுகிற மாதிரி எழுதி விட்டேன். மகன் பார்த்து விட்டு, "அம்மா, ஒரு கட்டத்துக்குள்ள இருபது வார்த்தை நுழைஞ்சாலே ஜாஸ்தி. மிச்சத்தைப் படம்தான் சொல்லணும்" என்றான். பக்கத்துக்கு ஆறு கட்டம் கோடு போட்டுக் கொடுத்தான். அவள் மனசில் நினைப்பதைப் படத்தில் எப்படிக் காட்டுவது? ஒருநாள் முழுக்க யோசித்து, மாயாவியின் துவைத்த உடையைக் கொடியில் காயப் போடுகிற ஒரு கட்டம் எழுதினேன். வெறும் முகமூடியும் உடையும் காற்றில் ஆடுகிறது. அவள் முகம் தெரியாது, கிளிப் மாட்டுகிற கை மட்டும். எழுதின பிறகுதான் உறைத்தது, இதுவும் இரும்புக்கை மாயாவி மாதிரிதான். வேலை செய்கிற கை தெரிகிறது, ஆளைக் காணோம்.

மாயாவியின் உரிமை அமெரிக்கக் கம்பெனிக்காரர்களிடம் இருக்கிறது, என் கதையை யாரும் அச்சடிக்கப் போவதில்லை. தெரிந்துதான் எழுதுகிறேன். "அச்சுல வராததுக்கு ஏன் மெனக்கெடறே?" என்று கேட்ட என்னவர், நாற்பது வருஷமாகத் தினமும் குறுக்கெழுத்துப் போட்டி போடுகிறார். அதை யார் அச்சடிக்கிறார்கள்?

இருபத்திரண்டாம் பக்கம் வந்தாயிற்று. கிட்டுக்கு மாயாவி வாள் பிடிக்கச் சொல்லித் தருகிறார். பார்த்துக் கொண்டிருந்த ஹெலோய்ஸ், "அம்மா, எனக்கு?" என்று கேட்கிறாள். அந்தக் கட்டத்தில் டயானாவின் பதிலுக்கு வட்டம் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். இருபது வார்த்தைக்குள் வர வேண்டும். மூன்று நாளாக அங்கேயே நிற்கிறேன். நேற்று அதே யோசனையில் இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்து விட்டது.

- ஒரு வாசகி, சாத்தூர்.