சிவப்புச் சில்லும் செம்பின் களிம்பும்

தமிழ்த் திரையில் வேற்றுக்கிரகத்தார் முதன்முதலாக வந்திறங்கியபோது பூமியைக் கைப்பற்ற வரவில்லை, பாட்டுக்காக வந்தார்கள். 1963இல் வெளிவந்த 'கலை அரசி'யில், அறிவியலில் நம்மை விஞ்சிய ஓர் உலகத்தார், தம்மிடம் இசையும் ஆடலும் இல்லாத குறையை உணர்ந்து, பானுமதி ஏற்ற கதாநாயகியைக் கடத்திச் செல்கிறார்கள். எம்.ஜி.ஆர். அங்கே சென்று மீட்டு வருகிறார். அந்த விண்கலத்தைப் பார்த்து இன்று நாம் சிரிக்கலாம். ஆனால் எல்லாம் அறிந்துவிட்ட ஒரு சமூகத்துக்கு இன்னும் எது குறையும் என்ற கேள்வியைப் பார்த்துச் சிரிக்க முடியாது. அது மெய்யியலின் கேள்வி.

வெகுஜன அறிவியல் புனைவுத் திரைப்படங்களில் இத்தகைய கேள்விகளைத் தேடுவது குறித்து நம்மிடையே இரண்டு மனப்பாங்குகள் நிலவுகின்றன. ஒன்று, இலக்கிய வாசகரின் அலட்சியம். கோடிகளைக் கொட்டி எடுக்கும் வேடிக்கையில் தத்துவம் எங்கிருந்து வரும் என்று அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மற்றொன்று, இதற்கு நேரெதிராகத் தோன்றும் பெருமிதம். எந்தப் படம் வந்தாலும், 'இதைத்தான் நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள்' என்று அது முடித்துவிடும். முதலாவதைவிட இரண்டாவதே அதிகத் தீங்கு விளைவிக்கிறது என்பது என் கருத்து. அலட்சியம் திரைப்படத்தை மட்டுமே இழக்கிறது. பெருமிதம் திரைப்படத்தோடு மரபையும் சேர்த்து இழக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 2014இல் கிறிஸ்டோபர் நோலனின் 'இன்டர்ஸ்டெல்லர்' வெளியானது. இயற்பியலாளர் கிப் தோர்ன் துணை நின்ற படம். பெருங்கருந்துளை ஒன்றின் அருகே சுழலும் கோளில் கழியும் ஒரு மணி நேரம், பூமியில் ஏழு ஆண்டுகள். நாயகன் கலத்துக்குத் திரும்பும்போது இருபத்து மூன்று ஆண்டுகள் போயிருக்கின்றன. உடனே நம்மவர்கள் பாகவதத்தின் ககுத்மி கதையை எடுத்து வைத்தார்கள். மகள் ரேவதிக்கு மணமகன் தேடி பிரம்மனின் அவைக்குச் சென்ற மன்னன் ககுத்மி, அங்கே நடந்த இசை முடியும்வரை காத்திருக்கிறான். அதற்குள் மண்ணுலகில் இருபத்தேழு சதுர்யுகங்கள் கழிந்துவிடுகின்றன. காலம் இடத்துக்கு இடம் வேறுபடும் என்ற கற்பனை இரண்டிலும் உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் இரண்டும் சொல்வது ஒன்றுதானா? ககுத்மி மனத்தில் வைத்திருந்த அரசர்களும் அவர்தம் பிள்ளைகளும் பேரர்களும் மறைந்துவிட்டார்கள். அதற்காக அவன் புலம்புவதில்லை. மகளைப் பலராமனுக்குக் கொடுத்துவிட்டுத் தவம் செய்ய வதரிக்குப் போகிறான். குலம், அரசு, பெயர் யாவும் காலத்தின்முன் அற்பம். ஆகவே பற்றை விடு என்பது அக்கதையின் குரல். நோலனின் நாயகனோ, தான் இல்லாமலேயே வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் காணொளிச் செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கண்ணீர் விடுகிறான். காலத்தையும் வெளியையும் கடந்து எஞ்சுவது மகள்மீது அவன் கொண்ட பற்றே என்று அப்படம் வாதிடுகிறது. ஒன்று பற்றறுக்கச் சொல்கிறது. மற்றொன்று பற்றைப் பிடித்துக்கொண்டு கரையேறச் சொல்கிறது. இரண்டையும் ஒன்றெனச் சொல்பவர் படத்தையும் பார்க்கவில்லை, பாகவதத்தையும் படிக்கவில்லை. அவை ஒன்றையொன்று மறுக்கின்றன. அந்த மறுப்பில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

இதே போன்றதுதான் 'மேட்ரிக்ஸ்' என்றால் மாயை என்ற சமன்பாடும். 1999இல் தொடங்கிய அத்தொடரின் மூன்றாம் படமான 'ரெவல்யூஷன்ஸ்' (2003), இறுதிப் பெயர்ப்பட்டியலின்போது உபநிடத மந்திரம் ஒன்றை ஒலிக்கவிடுகிறது. ஆகவே ஒப்பீட்டுக்கு இடமில்லாமல் இல்லை. ஆனால் எந்த மாயை? தமிழ்ச் சைவ சித்தாந்தத்தில் மாயை பொய்த்தோற்றமன்று, உள்பொருள். உயிருக்கு உடலையும் கருவிகளையும் உலகையும் நுகர்பொருளையும் தந்து, விடியும்வரை இருளில் விளக்குப்போல் உதவுவது. படத்தில் மனிதரைக் கட்டி வைத்திருக்கும் கனவுச் சிறைக்கும் இதற்கும் வெகுதூரம். இந்த வேறுபாட்டை அறியாத ஒருவர் 'எல்லாம் மாயை' என்று சொல்லும்போது, தம் மரபின் பாதியைத் தாமே அழிக்கிறார்.

அப்படியானால் எப்படிப் பார்ப்பது? வழியைத் தேடி வெகுதொலைவு போக வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூருக்குத் தென்கிழக்கே, பெண்ணையாற்றுக்குத் தெற்கில் இருக்கிறது திருவெண்ணெய்நல்லூர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதம் தந்த ஊர். அவருடைய மாணவர் அருணந்தி சிவாச்சாரியார், சிவஞான சித்தியாரில் தம் கொள்கையை நிறுவுமுன் பரபக்கம் என்றொரு பகுதியை வைத்தார். உலகாயதர் தொடங்கிப் பிறர் கொள்கைகளை எடுத்துச் சொல்லி, அதன் பின்னரே மறுத்தார். மணிமேகலையும் வஞ்சி நகரில் சமயக்கணக்கர் ஒவ்வொருவரையும் பேசவிட்டுக் கேட்டவள்தான். மாற்றானின் சொல்லை முழுமையாகக் கேட்பது நம் மரபின் ஒழுக்கம். திரைப்படத்துக்கும் அதே மரியாதையைத் தந்து பார்ப்போமே.

ஷங்கரின் 'எந்திரன்' (2010) படத்தையே எடுத்துக்கொள்வோம். கடவுள் உண்டா என்ற கேள்விக்கு, தன்னைப் படைத்தவர் வசீகரன், ஆகவே கடவுள் உண்டு என்ற பொருளில் சிட்டி விடை சொல்கிறது. அரங்கு கைதட்டியது. அதைவிட ஆழமான இடம் இறுதியில் வருகிறது. நீதிமன்ற ஆணைப்படி சிட்டி தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே விடைபெறுகிறது. பாகங்கள் பிரிந்தபின்னும் பேசுகிறது. பேசுவது எது?

மணிமேகலையில் வரும் பூதவாதி இதற்கு உடனே விடை சொல்வான்: சில பொருள்களைக் கூட்டினால் மதுவில் களிப்புப் பிறப்பதுபோல, பூதங்கள் கூடியதால் உணர்வு பிறந்தது; பிரிந்தால் போய்விடும். மெய்கண்டார் இதை ஏற்கமாட்டார். 'என் கை' என்று சொல்கின்ற ஒருவன் கையினின்று வேறாக இருக்க வேண்டும் என்பது சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பா வைக்கும் தருக்கங்களுள் ஒன்று. அப்படியானால் 'என் கை' என்று ஓர் எந்திரம் சொன்னால் அதற்கும் உயிருண்டா? அல்லது அந்தத் தருக்கத்தில்தான் ஏதேனும் விடுபட்டிருக்கிறதா? செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் மாணவர்களின் கைப்பேசியில் 'நான்' என்று பேசத் தொடங்கிவிட்ட இந்நாளில், வகுப்பறையில் மூன்றாம் நூற்பாவுக்கு இதைவிட உயிருள்ள நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை.

அதே படம் இன்னோரிடத்தில் நம்மை ஏமாற்றவும் செய்கிறது. போரா என்னும் வில்லன் சிவப்புச் சில்லைப் பொருத்தியதும் சிட்டி தீயதாகிவிடுகிறது. தன் முகத்தையே பல நூறாகப் பெருக்கிக்கொள்கிறது. ஆணவத்துக்கு இதைவிடப் பொருத்தமான திரைப்படிமம் தமிழில் இல்லை. ஆனால் சில்லை எடுத்துவிட்டால் சிட்டி மீண்டும் நல்லதாகிவிடுகிறது. தீமை பிறரால் பொருத்தப்பட்டது. கழற்றிவிடலாம் என்பது எவ்வளவு ஆறுதலான செய்தி! சித்தாந்தம் அந்த ஆறுதலைத் தருவதில்லை. செம்பில் களிம்புபோல ஆணவம் தொடக்கமற்றது என்கிறது. ஆணவத்தின் வடிவம் யாது என்று அருணந்தியார் வினவியபோது, மெய்கண்டார் விடை சொல்லாமல் அவரையே சுட்டிக்காட்டினார் என்பது மரபுவழிக் கதை. அங்கே வில்லன் எவனும் இல்லை. படம் பார்க்கிற நம்மை நோக்கி அந்த விரலை நீட்ட 'எந்திரன்' துணியவில்லை. கடைசியில் 2030ஆம் ஆண்டு அருங்காட்சியகத்தில், தன்னைப் பிரித்து வைத்ததற்குக் காரணம் தான் சிந்திக்கத் தொடங்கியதுதான் என்று சிட்டி சொல்லும் இடத்தில் மட்டும் அந்தத் துணிவு மின்னி மறைகிறது.

அதன் தொடர்ச்சியான '2.0' (2018) ஆன்மிகச் சொற்களை இன்னும் அதிகம் பயன்படுத்துகிறது. ஆனால் இன்னும் குறைவாகச் சிந்திக்கிறது. கைப்பேசிக் கோபுரத்தில் தூக்கிட்டு இறந்த பறவையன்பரின் ஆவி, இறந்த பறவைகளின் ஆற்றலோடு கூடிப் பழிவாங்குகிறது. பறவைகள்மீதான கருணை உண்மையானது. அதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் கல்வராயன் மலையிலிருந்து படிக்க வரும் மாணவருக்குக் கோபுரம் என்பது வேறு பொருள். 2020இல் கல்லூரிகள் மூடிக் கிடந்தபோது மலை மாணவர்கள் அலைவரிசை கிடைக்கும் மேடு தேடி நடக்க நேர்ந்தது. கோபுரம் வேண்டும் என்று கேட்பவரையும், கோபுரத்தால் சிறகிழக்கும் உயிரையும் ஒரே தராசில் நிறுத்துவது கடினமான அறக்கேள்வி. அந்தக் கேள்வி எழவேண்டிய இடத்தில் படம் இரு பூதங்களை மோதவிடுகிறது.

மலை மாணவர்களைக் குறிப்பிட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'நம்மிடம் எல்லாம் இருந்தது' என்னும்போது அந்த 'நம்' யார்? காஞ்சிபுரத்திலிருந்து உடன்பிறந்தார் சிலர் மலையேறி வந்த கதையைச் சொல்லும், கரியராமனை வணங்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் நினைவுகள் அந்தப் பெருமிதப் பட்டியலில் எங்கும் இல்லை. இடம்விட்டு இடம் பெயர்ந்து, மீள முடியாத உயரத்தில் புது வாழ்வு அமைத்தவர்களின் கதை அது. விண்கலப் படங்கள் பலவற்றின் கருவும் அதுவே. அக்கதைக்கு உரியவர் இப்படங்களைப் பார்த்து எழுப்பக்கூடிய வினாக்களை நாம் இன்னும் கேட்கவேயில்லை.

திருக்கோவிலூரில் இறைவன் உலகளந்த பெருமாளாக நிற்கிறான். ஓரடியில் மண்ணையும் ஓரடியில் விண்ணையும் அளந்தவன். அதே ஊரில்தான், மழை பெய்த இரவொன்றில், ஒருவர் படுக்கவும் இருவர் இருக்கவும் மூவர் நிற்கவும் மட்டுமே இடமுள்ள இடைகழியில் முதலாழ்வார் மூவரும் நெருங்கி நின்று, நான்காவதாக ஒருவர் வந்து நெருக்குவதை உணர்ந்தார்கள் என்பது வைணவ மரபு. அண்டத்தின் பேரளவைக் காட்டுவது இன்று கணினி வரைகலைக்கு எளிது. இருட்டில் பக்கத்தில் நிற்பவரை உணரவைப்பது அரிது. நம் அறிவியல் புனைவுப் படங்கள் முதலாவதில் தேர்ந்துவிட்டன. இரண்டாவதை அவற்றிடம் கேட்டு வாங்க வேண்டியவர்கள் பார்வையாளர்களாகிய நாம்தான். அதற்கு முதலில் கைதட்டலையும் ஏளனத்தையும் சற்றே நிறுத்திவைத்து, அவை சொல்வதை முழுமையாகக் கேட்க வேண்டும்.