ரத்தினவேலுவுக்கு ஏன் இத்தனை கைதட்டல்?

தொண்டாமுத்தூர் தேநீர்க் கடையொன்றில், ஓர் இளைஞரின் கைப்பேசியில் ரத்தினவேலுவைக் கண்டேன். 2023 ஜூனில் வெளியான ‘மாமன்னன்’ படத்தில் ஃபகத் ஃபாசில் ஏற்ற சாதி வெறியன் பாத்திரம் அது. ஜூலையில் படம் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்ததும், அவனது காட்சிகளைச் சாதிப் பெருமைப் பாடல்களோடு இணைத்துப் பலர் அவனை நாயகனாக்கினர். நடிப்பின் வலிமை என்று மட்டும் இதைக் கடந்துவிட முடியாது.

பந்தயத்தில் தோற்ற நாயை அவன் அடித்துக் கொல்வதும், கிணற்றில் குளித்த சிறுவர்கள் கல்லெறிந்து கொல்லப்பட்டதும் அந்தத் துணுக்குகளில் இல்லை. பாதிக்கப்பட்டோர் மறைய, அதிகாரத்தின் மிடுக்கு மட்டும் எஞ்சுகிறது. 2015இல் கோகுல்ராஜையும் 2016இல் உடுமலை சங்கரையும் சாதிக்குப் பலிகொடுத்த கொங்கு மண்ணில் இந்த ரசனை வெறும் பொழுதுபோக்கு ஆகாது.

“முழுப் படமும் பார்த்தீர்களா?” என்றேன்.

“இல்லைங்க” என்றார் இளைஞர்.