பேரையாவது படிக்க விடுங்கப்பா!

சிம்போசியம் சீசன் வந்தாச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல உங்க கைக்கு எப்படியும் நாலஞ்சு சான்றிதழ் வந்து சேரும். வாங்கினதும் முதல்ல எதைத் தேடுவீங்க? உங்க பேரைத்தானே? பல சான்றிதழ்ல அதைத்தான் படிக்க முடியறதில்லை.

மோனோடைப் கார்சிவா, எட்வர்டியன் ஸ்கிரிப்ட் மாதிரி வளைஞ்சு நெளியற எழுத்துருக்களை நம்மாளுங்க ஆசையா எடுக்கறாங்க. தப்பே இல்லை. விழான்னா பட்டுவேட்டி கட்டற மாதிரி அது ஒரு மரியாதை. ஆனா பேரை முழுக்க கேப்பிட்டல்ல அடிக்கறாங்க பாருங்க, அங்கதான் எனக்குச் சண்டை.

இதெல்லாம் பேனாவுக்குப் பிறந்த எழுத்துகள். கார்சிவாவோட பூர்வீகம் 16-ஆம் நூற்றாண்டு இத்தாலி. லுடோவிகோ அர்ரிகி என்பவர் அந்தக் கையெழுத்தைக் கத்துக்கொடுக்கவே 1522-ல ரோம்ல ஒரு சின்னப் புத்தகம் போட்டார். ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் எழுத்துருவை 1960-களில் மாத்யூ கார்ட்டர் வரைஞ்சது, சார்லஸ் ஸ்னெல்ங்கிற பழைய ஆங்கில எழுத்தாசிரியரோட கையெழுத்தைப் பார்த்து. ஈய அச்சுல இந்த வேலை பெரும்பாடு. சாய்ஞ்ச எழுத்து பக்கத்து எழுத்தைத் தொடணும்னா அதோட வால் அச்சுக்கட்டையைத் தாண்டி நீட்டிக்கிட்டு நிக்கும், பட்டுனு உடையும். போட்டோ முறையில எழுத்துக் கோர்க்க ஆரம்பிச்ச பிறகுதான் அந்தத் தொல்லை விட்டுச்சு.

பேனாக்காரர் பெரிய எழுத்தைச் சொல்லோட தொடக்கத்துல ஒரே ஒரு தடவை சுழிச்சுப் போடுவார். பின்னாடி சின்ன எழுத்துங்க கைகோத்து வரும். ரெண்டு பெரிய எழுத்து பக்கத்துப் பக்கத்துல நிக்கணும்னு யாரும் அதை வரையலை. இப்போ முத்துலட்சுமிங்கிற பேரை ஆங்கிலத்துல முழுக் கேப்பிட்டல்ல போட்டுப் பாருங்க. 12 எழுத்து, 12 சுழி! ஐ-யா ஜே-யா, டி-யா எஃப்-ஆனு தெரியாது. சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டற அம்மா, "இதுல உன் பேரு எங்கடி?"னு கேட்டா அந்தப் பொண்ணு விரலை வெச்சுக் காட்டணும்.

தமிழ்ல பேர் போட்டா இந்த வம்பே இல்லை, நமக்குக் கேப்பிட்டலே கிடையாது. அது தனிச் சண்டை, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.

"ஃபார்ம்லயே கேப்பிட்டல்லதான் வாங்கறோம், நாங்க என்ன பண்ண?"ன்னு ஒருங்கிணைப்பாளர்கள் கேக்கலாம். காகிதத்துல கையால எழுதின காலத்துக்கு அந்த விதி சரி. கூகுள் ஃபார்ம்ல யாரோட கையெழுத்து புரியாம போகப்போகுது? அப்படியே வந்துட்டாலும் எக்செல்ல 'ப்ராப்பர்'னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. முதல் எழுத்தை மட்டும் பெரிசாக்கி மீதியைச் சின்னதாக்கிடும். அதுக்கப்புறம் மெயில் மெர்ஜ் போடுங்க. 500 பேர் இருந்தாலும் ரெண்டு நிமிஷ வேலை.

அடிக்கறதுக்கு முன்னாடி பட்டியல்லயே நீளமான பேரை ஒரு தாள்ல எடுத்து, அந்த ஆளைத் தெரியாத யார்கிட்டயாவது படிக்கக் கொடுங்க. திக்கினா எழுத்துருவை மாத்துங்க. அப்புறம், பிரிண்ட் கடைக்கு வேர்டு ஃபைலைத் தூக்கிட்டுப் போகாதீங்க. அங்க அந்த எழுத்துரு இல்லைன்னா வேற ஏதோ ஒண்ணு வந்து உக்காந்துக்கும். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு போங்க.