அன்னாசித் தோலைக் கோழிக்குப் போட்டால் தீவனச் செலவு குறையுமா?

2022 ஜூன் 1. மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூருக்கு வந்த கோழியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்தது. நம்ம கோழிச்சோறு என்ன ஆகும் என்று எல்லாரும் பதறினோம்.

தட்டுப்பாட்டுக்குப் பல காரணங்கள். முக்கியமான ஒன்று, கோழி தின்னும் தீவனம். உக்ரேன் போரால் தானிய விலை எகிறியது. ஆனால் மலேசியாவில் கோழிக்குக் கிலோ 8.90 ரிங்கிட் என்ற உச்சவரம்பு இருந்தது. பல பண்ணைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை.

தீவனம் ஏன் இவ்வளவு முக்கியம்?

இறைச்சிக் கோழி வளர்க்கும் செலவில் 60 முதல் 70 விழுக்காடு தீவனத்துக்கே போகிறது. அதில் அதிகம் இருப்பது மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். மலேசியா இவற்றைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. பிரேசிலில் மழை பொய்த்தாலும் டாலர் ஏறினாலும் ஜொகூர் பண்ணைக்காரருக்குத்தான் அடி.

அன்னாசி எங்கே வருது?

மலேசியாவில் அன்னாசி அதிகம் விளைவது ஜொகூரில். பழத்தை டின்னில் அடைத்த பிறகு தோல், நடுத்தண்டு, கொண்டை என ஏறக்குறைய பாதி மிஞ்சும். "சும்மாதானே கிடக்குது, கோழிக்குப் போட்டா என்ன?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு தடைகள் உண்டு.

முதல் தடை: ஈரம்

தோலில் சுமார் 85 விழுக்காடு தண்ணீர். 1,000 கிலோ தோலைத் தீவனப் பதத்துக்கு உலர்த்தினால் 170 கிலோகூடத் தேறாது. உலர்த்த எரிபொருள் வேண்டும், அதற்குக் காசு வேண்டும். உலர்த்தாமல் விட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகளின் நச்சு கோழியின் கல்லீரலைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது தடை: வயிறு

மாட்டுக்கு அன்னாசிச் சக்கை ஒத்துப்போகும். அது அசைபோடும் விலங்கு. வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் நாரை உடைத்துக் கொடுக்கும். கோழிக்கு அந்த வசதி இல்லை. இறைச்சிக் கோழி ஐந்தாறு வாரத்தில் வளர்ந்தாக வேண்டும். குஞ்சுத் தீவனத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் புரதம் தேவை. உலர்ந்த அன்னாசித் தோலில் அதில் பாதிகூட இல்லை.

அப்போ எவ்வளவு சேர்க்கலாம்?

உலர்த்திய பழச்சக்கையை 5 முதல் 10 விழுக்காடு வரை கலந்த பல சோதனைகளில் பெரிய பாதிப்பு இல்லை. அதற்கு மேல் போனால் எடை கூடுவது மந்தமாகிறது.

ஒரு சின்னக் கணக்கு. தீவனத்தில் 5 விழுக்காட்டைச் சக்கையாக மாற்றுகிறோம். சக்கை இலவசம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மொத்தச் செலவில் மிச்சமாவது 3 விழுக்காட்டைச் சுற்றித்தான். உலர்த்தும் செலவைக் கழித்தால் இன்னும் குறையும். கோழி எடை ஏற இரண்டு நாள் கூடுதலாக ஆனால் அந்த லாபமும் காலி.

வேறு வழி இருக்கா?

இரண்டு வழிகள் ஆராயப்படுகின்றன.

ஒன்று, நொதிக்க வைப்பது. தேர்ந்தெடுத்த பூஞ்சை அல்லது ஈஸ்ட்டைச் சக்கையில் வளரவிட்டால் நார் குறையும், புரதம் கூடும்.

மற்றொன்று, கறுப்புச் சிப்பாய் ஈ. பழக்கழிவை அதன் புழுக்கள் தின்னும்; உலர்த்திய புழுவில் சுமார் 40 விழுக்காடு புரதம். கோழித் தீவனத்தில் பூச்சிப் புரதத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் அனுமதித்தது.

நமக்கு என்ன?

மலேசியா 2023 நவம்பர் 1 முதல் கோழி விலைக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது. இனி தீவன விலை ஏறினால், அது நேராக நம் தட்டுக்கு வரும். அன்னாசித் தோல் மட்டும் அதைத் தடுக்காது. ஆனால் குப்பைக்குப் போவதில் கொஞ்சம் தீவனமானாலும், கப்பலில் வரும் மக்காச்சோளத்தை அந்த அளவுக்குக் குறைவாக நம்பலாம். சோதனை செய்து பார்க்கும் செலவைச் சிறு பண்ணைக்காரர் தனியாகச் சுமக்க முடியுமா? விடை தேட வேண்டியது அங்கேதான்.