பஞ்சாயத்துக்குப் பரீட்சையா?

ஹரியானா சட்டசபை 2015-ம் வருஷத்தில் ஒரு சட்டம் இயற்றிற்று. கிராமப் பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நிற்கும் ஆண்மகன் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஸ்திரீகளுக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பு ஆண்களுக்கும் எட்டாம் வகுப்பு. பஞ்சாயத்து அங்கத்தினராக நிற்கும் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்ணுக்கு ஐந்தாம் வகுப்பு. மின்சாரக் கட்டணமும் கூட்டுறவுக் கடனும் பாக்கி வைத்தவர்களுக்கும் இடமில்லை. அவ்வருஷம் டிசம்பர் 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதிகள் இருவர் இச்சட்டம் செல்லுமென்று தீர்ப்பளித்தனர். நன்மை தீமைகளைப் பகுத்தறியும் சக்தியைக் கல்வியே மனிதனுக்கு அளிக்கிறது என்பது அவர்களுடைய அபிப்பிராயம்.

கனம் நீதிபதிகளிடம் நமக்குள்ள மரியாதைக்குக் குறைவில்லை. ஆயினும் இத்தீர்ப்பை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

கல்வியின் மேன்மையை மறுப்பவர் எவருமிலர். குடியாட்சி நிலைப்பதற்குப் பள்ளிக்கூடம் அவசியம் என்பதை நாம் எப்பொழுதும் வற்புறுத்துவோம். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டித்தர வேண்டியவர் யார்? 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 45-வது ஷரத்து, பதினான்கு வயது நிரம்பும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கப் பத்து வருஷத்துக்குள் முயல வேண்டுமென்று ராஜாங்கத்துக்குக் கட்டளையிட்டது. தவணை 1960-ல் முடிந்தது. கல்வி அடிப்படை உரிமையாக எழுதப்பட்டதோ 2002-ல்; அதற்கான சட்டம் அமலுக்கு வந்தது 2010 ஏப்ரலில். 2015-ல் ஐம்பது வயதான ஹரியானாக் கிராமத்துப் பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். தவணை கடந்து ஐந்து வருஷம் கழித்துப் பிறந்தவள் அவள். அவளுக்குப் பள்ளிக்கூடம் தராமற் போன ராஜாங்கமே, "நீ படிக்கவில்லை, ஆகையால் நிற்காதே" என்கிறது. கடன்பட்டவன் கடன் கொடுத்தவள் மீது பிராது கொடுத்து டிக்கிரியும் பெற்ற விநோதம் இது! மின்சாரப் பாக்கியைக் கணக்குப் பார்க்கும் சர்க்கார், தன் பாக்கியை மறந்து விட்டது. அவ்வழக்கில் வந்த கணக்குப்படி, தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களில் நூற்றுக்கு 68 பேர் இச்சட்டத்தால் தகுதியிழந்தனர்.

மேலும், பார்லிமெண்டுக்கோ சட்டசபைக்கோ நிற்பவருக்கு எந்தப் பரீட்சையும் கிடையாது. இச்சட்டத்தை இயற்றிய அங்கத்தினருக்கும் கிடையாது. ஒரு பரீட்சையும் தேறாதவர் ராஜ்யத்துக்கு முதன்மந்திரியாகலாம். தம் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவராகலாகாது! பள்ளிப் படிப்பை முடிக்காத காமராஜர் 1954 முதல் 1963 வரை சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாயிருந்து ஊர்தோறும் பள்ளிக்கூடங்களைத் திறந்தார்; பிள்ளைகளுக்கு மதிய உணவும் அளித்தார். ஹரியானாச் சட்டப்படி அவர் ஒரு குக்கிராமத்துக்கு நாமினேஷன் கூடப் போட முடியாது.

சட்டசபைகளுக்குச் செல்வோருக்கு யோக்யதாம்சம் விதிக்கவில்லையே என்று பாபு ராஜேந்திர பிரசாத் 1949 நவம்பர் 26-ந் தேதி அரசியல் நிர்ணய சபையிலேயே வருத்தம் தெரிவித்ததுண்டு. பெரியோரின் கவலை அது. நாம் அலட்சியம் செய்யவில்லை. எனினும் சபை ஜனங்களை நம்பிற்று. சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்கே ஓட்டு என்றிருந்த 1935-ம் வருஷச் சட்டத்தின் வழியை விட்டு, வயது வந்த அனைவருக்கும் ஓட்டளித்தது. 1951-ம் வருஷ ஜனத்தொகைக் கணக்குப்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே. அந்த ஜனங்கள்தாம் பெட்டியில் ஒட்டிய சின்னத்தைப் பார்த்து முதல் பொதுத் தேர்தலை நடத்திக் கொடுத்தனர். ஓட்டளிக்கும் விவேகம் அவர்களுக்கு உண்டு, ஓட்டுக் கேட்கும் விவேகம் இல்லை என்பது என்ன தர்க்கமோ நமக்கு விளங்கவில்லை. படித்தவர்தாம் வேண்டுமென்றால் ஊரார் படித்தவரையே தேர்ந்தெடுத்துக் கொள்வார்கள். அவர்கள் கையைப் பிடித்துத் தடுப்பவர் எவருமில்லை.

ராஜஸ்தானத்தில் 2014 டிசம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம் இத்தகைய விதியைக் கொண்டு வந்தார்கள். 2019-ல் அதை ரத்துச் செய்தார்கள். சட்டம் செல்லுமென்றுதான் கோர்ட்டார் சொன்னார்களேயன்றி, அதை வைத்திருந்தே தீரவேண்டுமென்று சொல்லவில்லை. ஹரியானா சட்டசபை நினைத்தால் ஒரே அமர்வில் இதை நீக்கிவிடலாம். படித்த தலைவர்கள் வேண்டுமென்ற ஆவல் மெய்யானால், ஜெயித்து வரும் அங்கத்தினருக்கு இராப் பள்ளிக்கூடம் வைத்து, வரவு செலவுக் கணக்கும் பஞ்சாயத்துச் சட்டமும் சர்க்கார் செலவிலேயே கற்றுக் கொடுக்கட்டும்.