சகிப்பவர் யார், சகிக்கப்படுபவர் யார்?

சென்ற தவணையின் இறுதியில் எமது பாடசாலைத் தமிழ் மன்றத்தார் ஒரு விவாத அரங்கு நடாத்தினர். "மாற்றுக் கருத்தை மதிக்கும் பண்பில் அமெரிக்கச் சமுதாயம் உலகுக்கு வழிகாட்டி" என்பது பொருள். நடுவராக என்னை இருத்தினர். எனது சார்பு எதுவென்பது மாணவர் அறிந்ததே. பொருளை மறுத்துப் பேசிய அணியினர், என் வகுப்பிலே கேட்டவற்றை என் சொற்களாலேயே எனக்குத் திருப்பித் தந்தனர். ஆதரித்துப் பேசிய அணியின் தலைவி, உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, எழுந்ததுமே பின்வரிசையிற் சிரிப்பு எழுந்தது; அவள் பேசி முடிக்கு முன்னரே கூச்சல். நான் மணியடித்து அமைதி கோரினேன் என்பது உண்மை; சற்றுத் தாமதித்தே அடித்தேன் என்பதும் உண்மை. வெற்றி மறுத்தவர்க்கே எனத் தீர்ப்பளித்தேன். அரங்கு கலைந்தபின் அம்மாணவி என்னிடம் வந்து கேட்டாள்: "சேர், அமெரிக்காவிலை ஆக்களைப் பேச விடேல்லை எண்டு பேசின இவையள், என்னை ஏன் பேச விடேல்லை?"

"நேரமாகிறது, பஸ்ஸைத் தவறவிடாதே" என்று கூறி அவளை அனுப்பிவிட்டேன். விடுமுறை முழுவதும் அக்கேள்வி என்னை விட்டபாடில்லை. இக்கட்டுரை அவளுக்கு நான் எழுதும் விடை. ஆயினும் இதனைப் படிக்கவேண்டியவர்கள் என்னையொத்த ஆசிரியரும் பின்வரிசையிற் கூச்சலிட்ட என் மாணவருமே.

முதலில் ஒன்றைக் கூறிவிடுகிறேன். நான் அளித்த தீர்ப்பிற் பிழையில்லை. அமெரிக்கச் சமுதாயம் இயல்பாகவே பொறுமை மிக்கது, எக்கருத்தையும் அரவணைப்பது என்பது வரலாற்றைப் படியாதார் கூற்று. பேச்சுரிமையையும் பத்திரிகையுரிமையையும் காக்கும் அரசியலமைப்புத் திருத்தம் அங்கு 1791 இல் நிறைவேறியது. ஏழே ஆண்டுகளில், 1798 இல், அரசாங்கத்தை நிந்தித்து எழுதுவதைக் குற்றமாக்கும் இராசத்துரோகச் சட்டம் வந்தது. வேர்மொன்ட் மாநிலத்துக் கொங்கிரஸ் உறுப்பினர் மத்தியூ லயன், சனாதிபதி ஜோன் அடம்ஸைத் தாக்கி எழுதியமைக்காக நான்கு மாதம் சிறையிருந்தார். சிறையில் இருந்தவாறே மறுமுறையும் தேர்தலில் வென்றார். 1836 முதல் 1844 வரை, அடிமைமுறையை எதிர்க்கும் மனுக்களைப் பிரதிநிதிகள் சபை எடுத்துப் பார்க்கவும் மறுத்தது. 1837 நவம்பரில் இலினோய் மாநிலத்து ஓல்ட்டன் நகரில், அடிமைமுறையை எதிர்த்துப் பத்திரிகை நடாத்திய எலைஜா லவ்ஜோய் என்னும் பாதிரியாரை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அவருடைய அச்சியந்திரங்கள் அதற்கு முன்னரே மும்முறை நொறுக்கப்பட்டிருந்தன. நான்காவது இயந்திரத்தைக் காக்க நின்றபோதே உயிர் துறந்தார்.

யூஜின் டெப்ஸின் கதையை மட்டும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். புகையிரதத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டியவர்; சோஷலிஸ்டாக ஐந்து முறை சனாதிபதித் தேர்தலில் நின்றவர். 1912 தேர்தலில் ஏறத்தாழ 9 இலட்சம் மக்கள் அவருக்கு வாக்களித்தனர். அதுவரை அவரைப் பத்திரிகைகள் கேலி செய்தன, முதலாளிகள் வெறுத்தனர். ஆனால் மேடையேறிப் பேச அவரால் முடிந்தது. 1917 இல் அமெரிக்கா உலகப்போரிற் குதித்ததும் நிலைமை மாறிற்று. 1918 யூன் 16 ஆம் திகதி ஒஹாயோ மாநிலத்துக் கான்ரன் நகரில், போரை அறிவிப்பவர் ஒரு வர்க்கத்தார், போரில் மடிபவர் வேறொரு வர்க்கத்தார் என்னும் கருத்துப்பட அவர் பேசினார். அவர் குண்டு வைக்கவில்லை, ஒருவரையும் அடிக்கவில்லை, பேசினார், அவ்வளவே. வேவுச் சட்டத்தின் கீழ் பத்தாண்டுச் சிறை விதித்தனர். 1919 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஒருமனதாக அத்தண்டனையை உறுதிசெய்தது. தீர்ப்பை எழுதியவர் யார்? கருத்துச் சுதந்திரத்தின் காவலரென்று பின்வந்தோர் போற்றும் நீதியரசர் ஹோம்ஸ்! டெப்ஸ் அத்லாந்தாச் சிறையில் 9653 ஆம் இலக்கக் கைதியாக இருந்துகொண்டே 1920 தேர்தலில் நின்றார். அப்பொழுதும் 9 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவருக்கு வாக்களித்தனர். 1921 டிசெம்பரில், சோஷலிஸ்ட் கட்சி பிளந்து மெலிந்துபோன பின்னரே, சனாதிபதி ஹார்டிங் அவரை விடுவித்தார்.

ஆகவே அமெரிக்கச் சகிப்புத்தன்மையின் அளவுகோல் எதுவென்பது தெளிவு. ஆளும் வர்க்கத்தின் உடைமையையோ போரையோ தொடாதவரை எக்கருத்தும் அங்கு வாழலாம். சந்தையில் விலையும் போகும். தொட்டுவிட்டால், தொட்டதன் பின்னால் மக்களும் திரண்டுவிட்டால், திருத்தமும் உரிமையும் உறங்கப் போய்விடும்.

எம் தொழிலைச் சார்ந்த சான்று ஒன்றுண்டு. நியூயோர்க் மாநிலத்தில் 1949 இல் வந்த ஃபைன்பேர்க் சட்டம், அரசாங்கத்தைக் கவிழ்க்கக் கருதும் அமைப்புகள் எனப் பட்டியலிடப்பட்டவற்றில் அங்கத்தவராயிருக்கும் ஆசிரியர்களை வேலைக்கு உதவாதவராக்கியது. அவ்வாசிரியர் வகுப்பறையில் என்ன கற்பித்தார், எவ்வாறு கற்பித்தார் என்று அச்சட்டம் கேட்கவில்லை. 1952 இல் உயர் நீதிமன்றமும் அதற்கு உடன்பட்டது. மறு ஆண்டு, விசாரணைக் குழுவின் முன் அழைக்கப்பட்ட புரூக்ளின் நகரத்து ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஐன்ஸ்டைனுக்கு எழுதிக் கேட்டார். சிறை செல்லவும் வறுமையுறவும் ஆயத்தமாகி, சாட்சி கூற மறுத்துவிடுங்கள் என்பதே அவ்வறிஞரின் விடை. ஆசிரியர் மறுத்தார்; வேலையிழந்தார். அச்சட்டம் செல்லாதென அதே நீதிமன்றம் கூறியது 1967 இல். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் அச்சத்தால் வாய்திறவாதிருந்த ஆசிரியர் எத்தனை பேர் என்பதற்கு எவரிடம் கணக்கிருக்கிறது? போல் ரோப்சனின் கடவுச்சீட்டை 1950 இல் பறித்து எட்டாண்டுகள் அவரைக் கூண்டுக்குயிலாக்கியதையும், எண்பது வயது கடந்த டு போய்ஸைக் கைவிலங்கிட்டு மன்றில் நிறுத்தியதையும் நம் வாசகர் அறிவர்.

இவை யாவும் என் மாணவரும் அறிந்தவை. நான் அவர்களுக்குக் கூறாது விட்டவை வேறு.

கருத்துரிமையைக் காக்கவென்றே அமைந்த அமெரிக்கக் குடியுரிமைச் சங்கம், தன்னை நிறுவியோருள் ஒருவரான எலிசபெத் கேர்லி ஃபிளினை, அவர் கம்யூனிஸ்ட் என்ற ஒரே காரணத்துக்காக 1940 இல் நிர்வாகக் குழுவிலிருந்து நீக்கியது. தாராளவாதிகளின் கோழைத்தனத்துக்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டியதில்லை; வகுப்பிற் சுவைபடக் கூறியிருக்கிறேன். ஆனால் மறு ஆண்டு நடந்ததைக் கூறியதில்லை. அரசாங்கத்தைப் பலாத்காரத்தாற் கவிழ்க்கப் போதிப்பதைக் குற்றமாக்கும் சிமித் சட்டம் 1940 இல் வந்தது. அச்சட்டத்தின் கீழ் 1941 இல் மினியாப்பொலிஸ் நகரிற் குற்றவாளிகளாக்கப்பட்ட 18 பேரும் ட்ரொட்ஸ்கியவாதிகளும் அவர்களைச் சார்ந்த தொழிற்சங்கத்தவரும் ஆவர். அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சி அவ்வழக்கை எதிர்த்ததா? எதிர்க்கவில்லை, ஆதரித்தது. எதிரணியினர் சிறை செல்வதில் அதற்கு மகிழ்ச்சி. எட்டாண்டுகள் கழித்து, 1949 இல், அதே கட்சியின் தலைவர்கள் 11 பேர் அதே சட்டத்தின் கீழ் தண்டனை பெற்றனர். 1951 இல் உயர் நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் அதனை உறுதிசெய்தபோது மறுப்புத் தீர்ப்பெழுதிய பிளாக், டக்ளஸ் இருவரும் கம்யூனிஸத்துக்கு எள்ளளவும் நண்பரல்லர். ஃபிளினும் பின்னர் அச்சட்டத்தாலேயே சிறை புகுந்தார்.

இதனைக் கூறும்போது, "பகைவன் பாசறையில் நின்று பேசுகிறாய்" என்று சில நண்பர்கள் என்மேற் சினப்பர். சகிப்புத்தன்மை பூர்ஷ்வா வர்க்கத்தின் முகமூடி என்பதும், பிற்போக்குவாதிக்குப் பேச்சுரிமை அளித்தல் பாம்புக்குப் பால் வார்த்தல் என்பதும் அவர்தம் கட்சி. இதற்கு அறிஞர் துணையும் உண்டு. ஹேர்பேர்ட் மார்க்கூசே 1965 இல் எழுதிய கட்டுரையொன்றில், எல்லாத் தரப்பாரையும் சமமாகச் சகிப்பது உள்ள அடக்குமுறைக்கே துணைபோகும் என்றும், வலதுசாரி இயக்கங்களுக்குச் சகிப்பை மறுத்தல் தகும் என்றும் வாதிட்டார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர் அவர். அவருடைய வாதத்தை எள்ளி ஒதுக்குவதற்கில்லை. ஆனால் நான் கேட்பது நடைமுறை சார்ந்த கேள்வி. அமெரிக்காவிற் சகிப்பை மறுக்கும் அதிகாரம் எவர் கையிலிருந்தது? பொலிசும் நீதிமன்றமும் பல்கலைக்கழகச் சபைகளும் மார்க்கூசேயின் மாணவர் வசமா இருந்தன? மூன்றாண்டுகளுக்குள் சான் டியேகோவில், முன்னாட் படைவீரர் சங்கத்தார் அவரையே பதவியிலிருந்து அகற்றுமாறு கோரினர். அவர் வகுத்த நியாயத்தைப் பெயர்களை மட்டும் மாற்றி அவர்களும் கையாளலாமன்றோ?

அந்நாட்டில் இன்று எஞ்சியிருக்கும் பேச்சுரிமை, சகிக்க முடியாதவர்களாற் பெறப்பட்டது. கொடிக்கு வணக்கஞ் செலுத்த மறுத்த யெகோவாவின் சாட்சிகளது பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து வெளியேற்றியது சரியே என்று 1940 இற் கூறிய நீதிமன்றம், 1943 இல் அதனைத் தானே திருத்திக்கொண்டது. வியட்நாம் போரை எதிர்த்துக் கையிற் கறுப்புப்பட்டி அணிந்து பாடசாலை சென்ற அயோவா மாநிலத்துப் பிள்ளைகள் 1969 இல் வென்றனர். அதே ஆண்டு, உடனடி வன்செயலைத் தூண்டாதவிடத்துப் பேச்சைத் தண்டிக்கலாகாது என்னும் விதி நிலைபெற்ற வழக்கோ, கூ குளுக்ஸ் கிளான் என்னும் நிறவெறிக் கூட்டத்தின் தலைவன் ஒருவனுடைய வழக்கு. இதனை எழுதவே என் கை கூசுகிறது. எனினும் அவ்விதி இல்லையேல், இன்று அந்நாட்டின் இடதுசாரிப் பேச்சாளர் பலர் சிறைக்குள் இருப்பர்.

இன்றைய நிலையைப் பார்ப்போம். 2024 இல் காசாவுக்காகக் குரல்கொடுத்துப் பல்கலைக்கழக வளாகங்களிற் கூடாரமடித்த மாணவர் ஆயிரக்கணக்கிற் கைதாயினர். 2025 மார்ச்சில், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் துருக்கிய ஆய்வு மாணவி ஒருவரை முகமூடியணிந்த அதிகாரிகள் தெருவில் மறித்துப் பிடித்துச் சென்றனர். அவர்மேற் குற்ற வழக்கெதுவும் இல்லை. வேறு சிலருடன் சேர்ந்து மாணவர் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஆறு வாரங்களின் பின்னரே வெளிவந்தார். டெப்ஸைப் பற்றிப் படிப்பித்த எனக்கு இதில் வியப்பேதுமில்லை.

வியப்பு வேறிடத்தில் வந்தது. அதே ஆண்டு செப்தெம்பர் 10 ஆம் திகதி, யூட்டா மாநிலப் பல்கலைக்கழகமொன்றில், திறந்தவெளியில் மாணவரோடு வாதிட்டுக்கொண்டிருந்த வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கேர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். 2016 இல் இடதுசாரிப் பேராசிரியர்களின் பெயர்ப்பட்டியலை வெளியிட்டு, அவர்களைக் கண்காணிக்கச் சொன்ன இயக்கத்தின் தலைவர் அவர். ஆசிரியர் ஓய்வறையில் ஒரு நண்பர், "ஒருவன் ஒழிந்தான்" என்றார். சிலர் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை, ஆனால் வாய்திறந்து ஒரு சொல் மறுத்துரைக்கவுமில்லை. லவ்ஜோய்க்காக ஆண்டுதோறும் வகுப்பிற் குரல் தழுதழுக்கும் எனக்கு அப்பொழுது என்ன நேர்ந்தது? அடுத்த சில வாரங்களில், கேர்க்கைப் பற்றி எழுதிய சொற்களுக்காக அமெரிக்க ஆசிரியர் பலர் வேலையிழந்தனர். அக்கொலையைக் கொண்டாடுவோரைக் கண்டால் அவர்தம் தொழில்தருநருக்கு அறிவியுங்கள் என்று உப சனாதிபதியே கூறினார். நேற்றுவரை கருத்துச் சுதந்திரம் பேசிய கூட்டமே பட்டியல் எழுத அமர்ந்தது. அதைக் கேட்டதும் எம் ஓய்வறை கொதித்தெழுந்தது. "ஆசிரியனுக்குப் பேச உரிமையில்லையா?" என்று உரக்கக் கேட்டவர், முன்னர் "ஒழிந்தான்" என்ற அதே நண்பர்.

'சகிப்பு' என்ற சொல்லே எனக்கு உவப்பானதன்று. நோயைச் சகிக்கிறோம், வெயிலைச் சகிக்கிறோம். சகிப்பவன் மேலே இருக்கிறான். தான் விரும்பியபோது நிறுத்திக்கொள்கிறான். வள்ளுவர் பொறையை வலியோன் எளியோனுக்குக் காட்டும் குணமாகவே பெரிதும் வைத்தார். அதனினும் நன்னூலாரின் வழி எனக்குப் பிடிக்கும். நூலாசிரியர் கொள்ளும் மதங்கள் ஏழெனக் கூறுமிடத்து, உடன்படுதலையும் மறுத்தலையும் ஒரே வரிசையில் வைத்தார். அங்கே மறுப்பவன் எவருடைய தயவிலும் வாழ்பவனல்லன். மறுப்பதற்கும் முதலில் அவன் சொல்லி முடிக்கக் கேட்கவேண்டும். இதனைப் பல்கலைக்கழகத்திற் பரீட்சைக்காக மனனம் செய்தேன்; மணியைக் கையில் வைத்திருந்த நாளில் மறந்தேன்.

ஆதலின் மகளே, நீ கேட்ட கேள்விக்கு விடை இது: உன் கருத்துப் பிழை, உன்னைப் பேசவிடாதது அதனினும் பெரிய பிழை, அப்பிழையில் நடுவருக்கும் பங்குண்டு. தவணை தொடங்கிய முதல் நாள் வகுப்பில் இதனைக் கூறினேன். பின்வரிசை மௌனமாயிருந்தது, உடன்பட்டது என்று நான் எண்ணவில்லை. அதே பொருளில் மறுபடியும் ஓர் அரங்கு வைக்குமாறு மன்றத்தாரைக் கேட்டிருக்கிறேன். இம்முறை மறுப்பணியில் நானும் பேசுவேன். அவளுக்கு என்னைப்போலவே பத்து நிமிடம். நடுவராக வேறொருவரை, கூடுமாயின் எங்கள் ஓய்வறைக்கு வெளியிலிருந்து, தேடிக்கொண்டிருக்கிறார்கள்.