சிங்கப்பூர் – நியூயார்க்: எத்தனை மணி நேரம்ங்கிறது தப்பான கேள்வி

1/ சிங்கப்பூர்ல இருந்து நியூயார்க்குக்கு எவ்வளவு தூரம்? சுமார் 15,300 கி.மீ. நேர் விமானத்தில் 18 மணி நேரத்துக்கு மேல். உலகின் மிக நீண்ட விமானப் பயணங்களில் ஒன்று. இந்தக் கணக்கு போன்லயே கிடைக்கும். நான் சொல்ல வந்தது அதில் இல்லாத கணக்கு.

2/ திருச்சியில் இருந்து கிளம்பும் அம்மாவுக்கு இது 18 மணி நேரம் இல்லைங்க. ஊர்ல இருந்து ஏர்போர்ட்டுக்கு கார், சிங்கப்பூர் வரை நாலு மணி நேரம், காத்திருப்பு, அப்புறம் இது. மொத்தமும் உட்கார்ந்தே. "டைரக்ட் ஃப்ளைட்ல ஏத்தி விட்டாச்சு, இனி கவலை இல்லை"ன்னு பிள்ளைகள் சொல்றாங்க. கவலையே அங்கதான் ஆரம்பம்.

3/ நடக்கும்போது கெண்டைக்கால் தசை ரத்தத்தை இதயத்துக்கு மேலே தள்ளும். மணிக்கணக்கா அசையாம இருந்தா ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

4/ "எகானமி கிளாஸ் நோய்"னு இதுக்கு ஒரு பேர் வச்சாங்க. தப்பான பேர். பிசினஸ் கிளாஸிலும் வரும், பஸ்ஸிலும் வரும். 1940ல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலியிலேயே இரவைக் கழித்தவர்களுக்கும் வந்தது. குற்றவாளி விமானம் இல்லை, நாற்காலி.

5/ பயமுறுத்தலை. உலக சுகாதார நிறுவனம் 2007ல் சொன்னது: 4 மணி நேரத்துக்கு மேல் பயணித்தால் ஆபத்து 2–3 மடங்கு. ஆனாலும் ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேருக்கு ஒருவருக்குத்தான். அடுத்தடுத்து விமானம் ஏறினால் ஆபத்து கூடும். அதனால நடுவுல மாறிப் போனா தப்பிச்சோம்னும் இல்லை.

6/ எனக்குக் கோபம் வர்றது நம்ம பழக்கத்து மேல. ஜன்னல் சீட்ல உட்கார வைக்கிறோம். பக்கத்துல இருக்கவங்களை எழுப்பக் கூச்சப்பட்டு அம்மா பாத்ரூம் போறதில்லை. போகக் கூடாதுன்னே தண்ணியும் குடிக்கறதில்லை. போதாததுக்கு தூக்க மாத்திரை வேற!

7/ "ஏறும் முன் ஒரு ஆஸ்பிரின்" வாட்ஸ்அப் வைத்தியம் வேண்டாம். இதுக்காக அதை நிபுணர்கள் பரிந்துரைப்பதில்லை. வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.

8/ ஏற்கெனவே ரத்தக்கட்டி வந்தவங்க, சமீபத்தில் ஆபரேஷன் ஆனவங்க, புற்றுநோய் உள்ளவங்க, கர்ப்பிணிகள், ஹார்மோன் மாத்திரை எடுப்பவங்க: டிக்கெட் போடும் முன் டாக்டரைப் பாருங்க. அளவெடுத்த காலுறையோ ஊசியோ தேவைப்படலாம்.

9/ மத்தவங்களுக்கு மருந்தே வேண்டாம். நடைபாதை ஓர சீட். ஒண்ணு ரெண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடை. உட்கார்ந்தே பாதத்தை மேலும் கீழும் அசைப்பது. அவ்வளவுதான்.

10/ இறங்கியதும் ஆபத்து முடியறதில்லை. சில வாரங்கள் வரை கவனிங்க. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ வலித்தாலோ "பயண அலுப்பு"ன்னு தைலம் தேய்க்காதீங்க, அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலின்னா உடனே எமர்ஜென்சி.

11/ அடுத்த தடவை அம்மா அப்பாவுக்கு டிக்கெட் போடும்போது எத்தனை மணி நேரம்னு பார்த்தது போதும். எத்தனை தடவை எழுந்து நடப்பாங்கன்னு கேளுங்க.